ரயிலடியில் எடுக்காத படம்

சுதந்திரம் வந்த வருஷம் ராமநாதபுரத்தில் அரண்மனைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். முன்னால் ஒரு சின்ன அறை. அதை அடுத்து, வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட நீள அறை. அதற்கும் பின்னால் நானும் என் மனைவியும் குடியிருந்த இரண்டு அறைகள்.

என்னிடம் அப்போது இருந்தது ரோல் ஃபிலிம் போடும் இரட்டை லென்ஸ் கேமரா. கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். எடுக்கிறவன் தலை குனிந்தே இருப்பதால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதிக் கூச்சம் குறைந்துவிடும். மீதிக் கூச்சத்தை என் மனைவி பார்த்துக்கொள்வாள். கையில் சீப்பும் பவுடர் டப்பாவுமாக என் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"ஏத்தா, எந்த ஊரு நீங்க? சிக்கலா? அங்கன எங்க சின்னம்மாவக் கட்டிக் குடுத்திருக்கு. உங்க ஊருல மழை உண்டா?"

வந்தவள் மழையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பாள். அந்த நேரம் பார்த்து நான் ஷட்டரை அமுக்கிவிடுவேன். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த முகங்கள், மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த முகங்கள் என்று அந்த நாளில் நான் எடுத்ததெல்லாம் அப்படித்தான். அவை நன்றாக இருந்தன என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கேமராவை நான் விடக் காரணம் திருப்புல்லாணிப் பக்கத்து நிலக்காரர் ஒருவர். தன் தகப்பனாரை அழைத்து வந்து படம் எடுத்துக்கொண்டார். சின்னப் படமாகக் கொடுத்தபோது சந்தோஷப்பட்டார். பிறகு, வீட்டு முகப்பில் மாட்ட ஆளுயரத்தில் பாதி அளவுக்குப் பெரிதாக்கிக் கேட்டார். உள்ளங்கையில் அடங்கும் நெகட்டிவ் அது. என் பழைய என்லார்ஜரில் அந்த அளவுக்கு இழுத்ததும் முகம் பொரிப்பொரியாகிவிட்டது. அவர் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"எங்கய்யா மொகத்துல மணல வாரி எறைச்ச மாதிரி இருக்கே, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் சுட்டது.

அடுத்த வாரமே மதுரைக்குப் போனேன். தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போகவிருந்த ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பெரிய கேமரா ஒன்று இருந்தது. தேக்குமரப் பெட்டி, சிவப்புத் தோல் துருத்தி, பித்தளை வளையம் போட்ட லென்ஸ், நிறுத்தி வைக்க ஒரு முக்காலி. பின்பக்கம் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரே இருப்பது அதில் தலைகீழாக விழும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஷீட் ஃபிலிம்தான். அது ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கம் அளவு இருக்கும். என் இரட்டை லென்ஸ் கேமராவையும் கையிலிருந்ததையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டி வந்தேன்.

என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "அந்தச் சின்னதையும் வச்சிக்கிட்டு இதையும் வாங்கியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"இனிமே அது எதுக்கு?" என்றேன்.

அந்தக் கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் எடுத்தது ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த ஒரு விவசாயியை. நெகட்டிவைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் தாடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே தெரிந்தது. தோள்துண்டின் நூலை எண்ணலாம். கழுத்தில் வெயில் கீறிய கோடுகள், கண்ணுக்குள் என் ஸ்டுடியோவின் கூரைக் கண்ணாடி எல்லாம் இருந்தன. சாதாரணமாகப் பெரிதாக்கத் தேவையே இல்லை, அப்படியே தாளில் வைத்து அச்செடுத்தால் போதும். திருப்புல்லாணிக்காரர் தன் தகப்பனாரை மறுபடி கூட்டி வந்தார். இந்தத் தடவை அவர் கேட்ட அளவுக்கு மதுரையில் பெரிதாக்கி வாங்கிக் கொடுத்ததை நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார். பெரிய வீடுகளிலிருந்து ஆள் வரத் தொடங்கியது.

ஆனால் அதன் முன்னால் உட்காருகிறவர்கள் ஒரு விநாடி, சில சமயம் இரண்டு விநாடி அசையக் கூடாது. தலை ஆடாமல் தாங்க, கழுத்துக்குப் பின்னால் தெரியாதபடி இரும்புக் கவை ஒன்றை நிறுத்தினேன். மழையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து ஒருநாள், "நீ செத்தப் பேசாம இரு. அவுக மொகம் அசையுது" என்றேன். அவள் சீப்பையும் பவுடர் டப்பாவையும் ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டாலொழிய அந்த அறைக்குள் வருவதில்லை.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள், ஆறு வயது இளையவள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் இவள்தான் அவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தாள். பெரிய கேமரா வந்த மறுவருஷம் தை மாதம் தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு மானாமதுரைப் பக்கம், கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை.

கல்யாணத்துக்கு நான் கேமரா கொண்டுபோகவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் போக முடியாது. பந்தல் வெளிச்சமும் அதற்குக் காணாது. "விருந்துக்கு நம்ம வீட்டுக்கு வரத்தானே போறாக, அப்ப நல்லா உக்கார வச்சு எடுப்போம்" என்றேன். என் மனைவி சரி என்றாள்.

விருந்துக்கு வந்தார்கள். பஸ் வழியில் நின்றுபோனதால் வந்து சேரும்போது மணி நாலரை. சாப்பிட்டு முடிப்பதற்குள் கூரைக் கண்ணாடி மங்கிவிட்டது. கொழுந்தியாள் பட்டுச்சேலை கசங்காமல் நாற்காலி நுனியில் போய்த் தானாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"மச்சான், நான் ரெடி" என்றாள்.

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். "இந்த வெளிச்சத்துல வேணாந்தா. எடுத்தா ஒழுங்கா எடுக்கணும். காலையில எடுப்போம்."

"காலையில மொத பஸ்ஸுக்கு நாங்க போகணுமே, சகலை" என்றார் மாப்பிள்ளை.

"கொழும்புக்குப் போறதுக்குள்ள இன்னொரு நாளைக்கு வாங்க. எங்க போயிறப் போறேன்?" என்றேன்.

கொழுந்தியாள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி இலைகளை எடுக்க உள்ளே போனாள். அவர்கள் இன்னொரு நாள் வரவில்லை. மாப்பிள்ளை முதலில் தனியாகக் கொழும்பு போய், வீடு பிடித்து, ஆவணியில் வந்து பெண்டாட்டியை அழைத்துப் போவதாகக் கடிதம் எழுதினார். அப்போது கொழும்பு போகப் பாஸ்போர்ட் தொல்லையெல்லாம் இல்லை. மானாமதுரையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல். வழியில் ராமநாதபுரத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும்.

"ரயிலடியிலயாச்சும் ஒண்ணு எடுத்துருங்க" என்றாள் என் மனைவி. "அவளும் நானும் சேந்து நிக்கிற மாதிரி."

"எடுக்குறேன்."

முதல் நாள் சாயங்காலம் கொழுந்தியாளுக்குக் கொடுத்துவிட முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு நான் இருந்த அறைக்கு வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீங்க. கடைத்தெருவுல இருக்காரே, அந்தப் போட்டோக்காரரு, அவருகிட்ட சின்னக் கேமரா இருக்குல்ல? ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியாங்களேன். வண்டி நிக்கிறதே கொஞ்ச நேரந்தான்."

கடைத்தெருக்காரர் எனக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர். மோசமானவர் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

"இத்தாம் பெரிய கேமராவ வச்சிக்கிட்டு அவன் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?" என்றேன்.

அவள் முறுக்கு உரலுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ரயிலடிக்குப் போய்விட்டேன். வேப்பமரத்து நிழலில் முக்காலியை நிறுத்தி, என் மனைவியை எதிரே நிற்க வைத்து, எல்லாவற்றையும் சரிபார்த்துத் தயாராக இருந்தேன். கொழுந்தியாள் நிற்க வேண்டிய இடத்தில் செங்கல் துண்டால் கோடு கிழித்து, "இறங்குனதும் அவள இங்கன கூட்டியா" என்று சொல்லியும் வைத்தேன். ஆவணிக் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. கறுப்புத் துணியின் நுனிகளில் கல் கட்டியிருந்தேன்.

வண்டி வந்தது. அவர்கள் இருந்த பெட்டி வேப்பமரத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. என் மனைவி தூக்குச் சட்டியோடு ஓடினாள். கொழுந்தியாள் கதவிலேயே நின்று, "அக்கா! அக்கா!" என்று கத்தினாள். கூட்டத்தில் ஏறுகிறவர்கள் ஒருபக்கம், இறங்குகிறவர்கள் ஒருபக்கம். அவளை அங்கிருந்து மரத்தடிக்குக் கூட்டிவர வழியில்லை. நான் முக்காலியோடு கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். துணியில் கட்டிய கல் என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது.

ரயில் பெட்டிக்கு எதிரே முக்காலியை ஊன்றி நிறுத்தி, துணிக்குள் தலையை விட்டேன்.

துணிக்குள் வெளிச் சத்தம் பாதி அடங்கிவிடும். கண்ணாடியில் முதலில் கலங்கலாக இருந்தது. துருத்தியை மெல்ல நகர்த்தினேன். இரண்டு பேரும் தலைகீழாகத் தெளிந்து வந்தார்கள். கொழுந்தியாள் கீழே இறங்கி நின்றிருந்தாள். என் மனைவி தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவள் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தாள். கை அங்கே வேலை செய்துகொண்டிருக்க, வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கொழுந்தியாள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. பச்சைச் சேலை, வெள்ளைப் பூ, பின்னால் ரயில் பெட்டியின் பழுப்பு எல்லாமே அதனதன் நிறத்தில் அந்தக் கண்ணாடியில் இருந்தன. என் தொழிலில் அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

அப்படியே எடுத்திருக்கலாம். ஆனால் இந்தக் கேமராவில் அப்படியே எடுக்க முடியாது. பார்த்து முடித்ததும் லென்ஸை மூட வேண்டும், ஃபிலிம் பெட்டியைப் பின்னால் செருக வேண்டும், அதன் மூடுதகட்டை உருவ வேண்டும். அதுவும் போதாதென்று நான் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ரெண்டு பேரும் இங்கிட்டுப் பாத்து அசையாம நில்லுங்க!" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. இருவரும் விறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஃபிலிம் பெட்டியைச் செருகித் தகட்டை உருவினேன். கார்டு விசில் ஊதினார். மாப்பிள்ளை உள்ளேயிருந்து கையை நீட்டிக் கொழுந்தியாளை மேலே இழுத்தார். வண்டி அசைந்தது.

ஷட்டர் கம்பி என் கையில் இருந்தது. தகடு வெளியே, ஃபிலிம் உள்ளே தயாராக இருந்தது. கொழுந்தியாள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டியிருந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். கட்டைவிரலை அமுக்கியிருந்தால் ஏதோ ஒன்று விழுந்திருக்கும். நான் அமுக்கவில்லை. அசைந்துவிடும், கலங்கிப் போய்விடும், ஒரு ஃபிலிம் வீண் என்று நினைத்தேன். என் மனதில் அந்த நேரம் ஓடியது இவ்வளவுதான்.

வண்டி போனபிறகு என் மனைவி திரும்பி வந்து துணியை மடித்தாள்.

"விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"கழுவிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

மறுநாள் காலையில், "வெளிச்சம் ஏறிருச்சு. ஒண்ணும் தெரியல" என்றேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சரி, விடுங்க" என்றாள்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே மாப்பிள்ளை எழுதுவார், இங்கே நான் எழுதுவேன். 'அக்காவோடு நின்ற படம் வந்துவிட்டதா என்று உங்கள் கொழுந்தியாள் தினமும் கேட்கிறாள்' என்று எழுதியிருந்தார். 'துரதிர்ஷ்டவசமாக வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது' என்று பதில் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வருஷம் ஒரு தந்தி வந்தது. கொழுந்தியாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். அதற்குள் பாஸ்போர்ட், விசா என்று சட்டங்கள் வந்துவிட்டிருந்தன. என் மனைவி கடைசி முகம் பார்க்கவில்லை. பல நாள் அவள் அழுததுகூடச் சத்தமாக இல்லை. சமைத்தாள், பரிமாறினாள், நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையின் கடிதம். வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். குழந்தை சுகம், கடைக்காரர் வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் ஆனபிறகு இப்படி எழுதியிருந்தார்: 'அவளுக்கென்று ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. பிள்ளை வளர்ந்து கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. ரயிலடியில் தாங்கள் எடுத்த ஃபிலிம் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் பாதகமில்லை. ஏதாவது நிழல் தெரிந்தாலும் போதும். தயவுசெய்து அனுப்பவும்.'

என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. கடிதத்தைக் கீழே வைத்தேன்.

"அந்த ஃபிலிமு இல்ல" என்றேன். "நான் எடுக்கவே இல்ல. அமுக்கல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த லென்ஸு டக்குனு சத்தம் போடும்ல. நான் காதத் தீட்டிக்கிட்டுத்தான் நடந்தேன். கேக்கவே இல்ல."

"அன்னைக்கே ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப் போகுது? நீங்க வெளிச்சத்து மேல பழியப் போட்டீக. போடட்டும்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டே, "அவ மொகமும் என் மொகமும் ஒண்ணுதானே? ஊருல எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாக. என்னைய எடுத்து அனுப்புங்க" என்றாள்.

நான் முடியாது என்றேன். உயிரோடு இருக்கிறவள் படத்தைச் செத்தவள் படமாக அனுப்புவதா? அவர்கள் மாலை போடுவார்களே என்றேன்.

"போடட்டும். எனக்கு ஒண்ணும் ஆயிறாது. அந்தப் புள்ளைக்கு ஒரு மொகம் வேணும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வகிட்டை இடப்பக்கம் எடுத்துச் சீவிக்கொண்டு வந்தாள். தங்கை அப்படித்தான் சீவுவாளாம். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு நல்ல படம் எடுத்ததில்லை என்பது துணிக்குள் தலையை விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளிச்சம் சரிபார்க்கவும் ஃபோகஸ் பார்க்கவும் எத்தனையோ தடவை அதே நாற்காலியில் உட்கார வைத்து, உடனே எழுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவள் கவை இல்லாமலே இரண்டு விநாடி கல்போல உட்கார்ந்தாள். கேமராவைப் பார்க்கும்போது தங்கையைப் போலவே லேசாகத் தலையைச் சாய்த்தாள்.

பெரிய நெகட்டிவில் ஒரு வசதி உண்டு. அதன் மேலேயே கை வைக்கலாம். பென்சிலால் மெல்லத் தீட்டினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். கத்திமுனையால் சுரண்டினால் கறுக்கும். அவள் புருவத்தின் மேலிருந்த அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கோடுகளையும் பென்சிலால் மறைத்தேன். ஆறு வயது குறைந்தது. கொழுந்தியாளுக்கு உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. என் மனைவி பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இங்கிட்டு" என்று விரலால் காட்டினாள். கத்தியால் ஒரு புள்ளி சுரண்டினேன். அச்சுத் தாளைக் கழுவி எடுத்தபோது தண்ணீருக்குள் கொழுந்தியாள் இருந்தாள். என் மனைவி அன்றுதான் சத்தம் போட்டு அழுதாள்.

மாப்பிள்ளைக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். நான் அன்று எடுக்கவில்லை என்பதையும், இது யார் படம் என்பதையும். 'பிள்ளைக்கு இதையே காட்டுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்று அக்கா சொல்கிறாள்' என்றும் எழுதினேன். அவர் பதிலில் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைதோறும் பூ வைப்பதாகவும் எழுதியிருந்தார்.

அந்தப் பெண் ஏழு வயதில் தகப்பனோடு ஒரு தடவை ராமநாதபுரம் வந்தது. வாசலில் என் மனைவியைப் பார்த்ததும் தகப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது. அன்று முழுக்கக் கிட்டே வரவில்லை. மறுநாள் எங்கள் அடுப்படியில், "பெரியம்மா, நீங்க எங்கம்மா படம் மாதிரியே இருக்கீங்க" என்றது. என் மனைவி அதன் தலையைத் தடவி, "ஆமாத்தா, நானும் உங்கம்மாவும் ஒண்ணாப் பொறந்தவுகல்ல" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தனியாக இருந்தபோது, "என்னைக்காவது சொல்லித்தானே ஆகணும்?" என்று கேட்டேன். "எதுக்கு? அதுக்கிட்ட இருக்கிற ஒண்ணையும் பறிக்கவா?" என்றாள்.

தனுஷ்கோடிக் கப்பல் நின்றுபோன பிறகும் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போது அந்தப் பெண்ணே எழுதுகிறாள், நல்ல கையெழுத்து. போன மாதம் வந்ததில் தனக்குக் கல்யாணம் பேசி முடித்திருப்பதாக எழுதியிருந்தாள். 'போகிற வீட்டுக்கு அம்மா படத்தை எடுத்துப் போக ஆசை. அப்பாவுக்கும் அது வேண்டும். நெகட்டிவ் இருந்தால் இன்னொரு பிரதி போட்டு அனுப்ப முடியுமா, பெரியப்பா?'

நெகட்டிவ் இருந்தது. பெரிய ஃபிலிம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அச்செடுத்து, காயவைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்தேன். உண்மையை ஒரு தாளில் எழுதி, அதையும் சேர்த்து வைத்திருந்தேன். நூல் சுற்றும்போது என் மனைவி வந்து, மடங்காமல் போகுமா என்று அட்டையைத் தடவிப் பார்த்தாள். அவள் உள்ளே போனதும் அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டு, முடிச்சுப் போட்டு, தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன்.